இரண்டு கடைக்கு ஒரு சாட்: சொந்த சர்வரில் நீங்களே அமைக்கலாம்

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி யாஹூ சாட் அறைகளில் உட்கார்ந்திருந்த காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பொது அறைகளை யாஹூ 2012 டிசம்பரில் மூடியது. யாஹூ மெசஞ்சரும் 2018 ஜூலையில் நின்றுபோனது. இன்று சாட் என்றால் பெரும்பாலோருக்கு வாட்ஸ்அப்தான். ஆனால் ஒரு சாட் வசதியை நம் சொந்த சர்வரில், நம் சொந்த முகவரியில் ஓடவிடுவது ஓரளவு கம்ப்யூட்டர் பழகிய எவருக்கும் எட்டக்கூடிய வேலை. புரோகிராம் எழுதுவதற்கு ஒரு நாள் போதும். லைன் அறுந்தாலும் கரண்ட் போனாலும் செய்தி தொலையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் மீதி நாட்கள் ஆகும். இக்கட்டுரையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடை, திண்டிவனத்தில் ஒரு கிளை. இடையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டுச் சீட்டோடு வருபவர்கள் அதிகம். ஒரு கடையில் இல்லாத மருந்து இன்னொரு கடையில் இருக்கும். ‘இந்த இன்சுலின் அங்கே இருக்கா?’ என்று கேட்டு, ‘இருக்கு’ என்று பதில் வந்தால், இரு கடைப் பையன்களும் வண்டியில் கிளம்பி வழியில் கூட்டேரிப்பட்டில் சந்தித்து மாற்றிக்கொள்வார்கள். இந்தக் கேள்வி பதிலுக்காகத்தான் 2024 ஆகஸ்டில் இந்தச் சாட்டை அமைத்துக் கொடுத்தேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டு உபயோகத்திற்கு வாட்ஸ்அப் போதும், இந்தச் சிரமம் வேண்டாம். கடையில் நிலைமை வேறு. பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பிரவுசர் திறந்திருக்கிறது. வேலையை விட்டு நிற்கும் பையனின் சொந்த போனில் நோயாளிகளின் மருந்துச் சீட்டுப் படங்கள் தங்கிவிடுவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எந்த மருந்தை யார் கேட்டார்கள், எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது என்று மாதக் கடைசியில் எடுத்துப் பார்க்கவும் அவருக்கு வசதி வேண்டும்.

வெப்சாக்கெட் என்ன செய்கிறது?

சாதாரண வெப் பக்கம் கேள்வி பதில் முறையில் இயங்குகிறது. பிரவுசர் கேட்டால் சர்வர் கொடுக்கும். கேட்காமல் சர்வர் வாய் திறக்காது. சாட்டுக்கு இது ஒத்துவராது. எதிர்க்கடையில் ஒருவர் தட்டியது, நாம் கேட்காமலேயே நம் திரைக்கு வரவேண்டும்.

பழைய வழி, இரண்டு விநாடிக்கு ஒருமுறை ‘புதுசாக ஏதாவது உண்டா?’ என்று பிரவுசர் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. பத்து கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு மணி நேரம் இப்படிக் கேட்டால் ஒரு நாளைக்கு 2,16,000 கேள்விகள். அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலே வரும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் வெப்சாக்கெட். 2011 டிசம்பரில் இது முறையான தரமாக வெளியிடப்பட்டது. பிரவுசர் வழக்கமான முறையிலேயே சர்வரின் கதவைத் தட்டி, ‘இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாமா?’ என்று கேட்கும். சர்வர் சம்மதித்தால் 101 என்ற எண்ணுடன் பதில் தரும். அதன்பின் அந்த இணைப்பு மூடப்படாமல் திறந்தே இருக்கும், இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இந்த 101-ஐ மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

நான் பயன்படுத்தியது நோட்.ஜேஎஸ், அதன்மேல் சாக்கெட்.ஐஓ, செய்திகளைச் சேமிக்க எஸ்க்யூலைட். மூன்றும் இலவசம். சாக்கெட்.ஐஓவின் இணையதளத்திலேயே சாட் செய்வதற்கான பாடம் இருக்கிறது. அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்தால் இனிச் சொல்பவை எளிதில் புரியும். கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டாக வரும் சாட்கள் அநேகமாக இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஒரே லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்து, இங்கே தட்டியது அங்கே வந்தால் மதிப்பெண் வந்துவிடும். ஒரே கம்ப்யூட்டருக்குள் லைன் அறுவதே இல்லை என்பதுதான் அதில் உள்ள வசதி.

சர்வரில் ஏற்றுதல்

கடைக் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் கரண்ட் போனால் இரண்டு கடையும் ஊமையாகிவிடும். மேலும் பெரும்பாலான வீட்டு பிராட்பேண்டு இணைப்புகளில் வெளியிலிருந்து அணுகத்தக்க தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. சாதாரண வெப்ஹோஸ்டிங்கில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குப் பெரும்பாலும் இடமில்லை. இலவசச் சேவைகளில் சில, யாரும் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும் என்றால் கவுண்டரில் நிற்பவருக்கு அது நீண்ட நேரம். ஆகவே மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் எடுப்பதே நல்லது. ஒரு ஜிபி ராம் போதும். மும்பை, பெங்களூர் போன்ற இந்திய டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்கள்.

உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பை நிறுவி, நோட்.ஜேஎஸ் ஏற்றி, நம் புரோகிராமை உள்ளே கொண்டுபோங்கள். அது 3000 என்ற போர்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவேண்டாம். ஃபயர்வாலில் 22, 80, 443 ஆகிய மூன்று மட்டும் திறந்திருந்தால் போதும். வாசலில் இன்ஜின்எக்ஸ் நின்று, வருபவரை உள்ளே 3000-க்கு அனுப்பும்.

இங்கேதான் பலரும் முட்டிக்கொள்கிறார்கள். பிரவுசர் கேட்கும் ‘மாற்றிக்கொள்ளலாமா’ என்ற வேண்டுகோளை இன்ஜின்எக்ஸ் தானாக உள்ளே கடத்துவதில்லை. கான்ஃபிகரேஷன் ஃபைலில் ‘அப்கிரேடு’, ‘கனெக்‌ஷன்’ ஆகிய இரு ஹெடர்களையும் கடத்தச் சொல்லி இரண்டு வரிகள் சேர்க்கவேண்டும், எச்டிடிபி பதிப்பு 1.1 என்றும் குறிப்பிடவேண்டும். விட்டுப்போனாலும் சாட் வேலை செய்வதுபோலவே தெரியும். காரணம், வெப்சாக்கெட் கிடைக்காவிட்டால் சாக்கெட்.ஐஓ சத்தமில்லாமல் பழைய கேள்வி பதில் முறையிலேயே காலம் தள்ளும். கண்டுபிடிக்க பிரவுசரில் எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். 101 என்று ஒரு வரி இருந்தால் சரி. 200 என்றே வரிசையாக வந்துகொண்டிருந்தால் அந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

இன்னொன்று. உள்ளே இருக்கும் புரோகிராமிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால், அந்த இணைப்பு செத்துவிட்டது என்று இன்ஜின்எக்ஸ் முடிவு செய்து மூடிவிடும். மத்தியான நேரத்தில் கடையில் யாரும் எதுவும் தட்டமாட்டார்கள். சாக்கெட்.ஐஓ 25 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கியா?’ என்று சர்வரிலிருந்து பிரவுசரைத் தட்டிப் பார்ப்பதால் இந்தச் சிக்கல் வராது. வெறும் வெப்சாக்கெட்டில் எழுதுபவர்கள் இந்தத் தட்டலைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

எச்டிடிபிஎஸ் கட்டாயம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை செர்ட்பாட் என்ற புரோகிராம் இலவசமாகப் பெற்றுத் தரும். வழக்கமாகக் கிடைக்கும் சான்றிதழ் 90 நாட்களுக்குத்தான் செல்லும் என்றாலும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். திண்டிவனம் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ‘பாதுகாப்பற்ற தளம்’ என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் நம் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே! பேட்டரியை மாற்றியதும் சரியானது. இதே காரணத்தால், செய்தி வந்த நேரத்தை ஒருபோதும் கடைக் கம்ப்யூட்டரிடம் கேட்காதீர்கள், சர்வரே பதியட்டும். அனுப்பியவர் பெயரையும் அப்படியே. லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்குத் தெரியும், பிரவுசர் சொல்வதை அது நம்பவேண்டியதில்லை.

புரோகிராம் ஏதோ காரணத்தால் நின்றுபோனாலும், சர்வரே ரீஸ்டார்ட் ஆனாலும் மீண்டும் தானாக எழுந்து ஓட ஒரு ‘சிஸ்டம்டி’ சர்வீஸ் ஃபைல் எழுதிவிடுங்கள். பத்து வரிதான்.

சேர்ந்துச்சா, இல்லையா?

முதல் நாள் ஓட்டிக் காட்டியபோது பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “அனுப்பிட்டன்னு காட்டுது சரிப்பா. அங்க போயி சேந்துச்சா, இல்லையா?”

சாட் புரோகிராமின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சாக்கெட்.ஐஓ தன் இயல்பில் ஒரு செய்தியை அதிகபட்சம் ஒருமுறை சேர்க்கும் என்றுதான் உறுதி தருகிறது. அதாவது சேராமலும் போகலாம். அதிலும், இணைப்பு அறுந்திருக்கும் பிரவுசருக்கு அனுப்பவேண்டியதை சர்வர் தானாகப் பிடித்து வைத்திருக்காது. அந்த ஏற்பாட்டை நாம்தான் செய்யவேண்டும்.

நான் செய்தது இதுதான். செய்தி வந்ததும் சர்வர் முதலில் எஸ்க்யூலைட்டில் எழுதும். எழுதி முடித்த பிறகே அனுப்பியவருக்கு ஒப்புகை தரும். அப்போது அவர் திரையில் ஒரு டிக். எதிர்க்கடை பிரவுசர் பெற்றுக்கொண்டதும் இரண்டாவது டிக். ஆனால் கம்ப்யூட்டர் பெற்றுக்கொள்வது வேறு, கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது வேறு. கூட்ட நேரத்தில் யாருமே திரையைப் பார்க்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ‘பார்த்தாச்சு’ என்று ஒரு பட்டன் வைத்தேன். இரண்டு நிமிடத்திற்குள் அங்கே யாரும் அதை அழுத்தாவிட்டால், இங்கே அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பைக் கண்டால் போன் செய்யவேண்டும் என்பது கடையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இதற்கான புரோகிராம் இருபது வரிகூட இல்லை, ஆனால் பெரியப்பாவுக்கு மொத்த சாட்டிலும் பிடித்தது இந்தச் சிவப்பு வரிதான்.

லைன் அறுந்து மீண்டும் வரும்போது, சாக்கெட்.ஐஓ தானாக மறுபடி இணைத்துக்கொள்ளும். இடையில் வந்த செய்திகள்? டேட்டாபேஸில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இருக்கிறது. பிரவுசர் தான் கடைசியாகப் பெற்ற எண்ணைச் சொல்லும், ‘என்னிடம் 1840 வரை இருக்கிறது’ என்று. சர்வர் 1841-லிருந்து கொடுத்துவிடும்.

எதிர்த்திசையில் ஒரு சிக்கல் உண்டு. நாம் அனுப்பியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, ஒப்புகை திரும்பி வரும் வழியில் லைன் அறுந்தால்? பிரவுசர் மீண்டும் அனுப்பும். ஒரே செய்தி இரண்டாகிவிடும். ‘இரண்டு பெட்டி அனுப்பு’ என்பது இரண்டு முறை வந்தால் நான்கு பெட்டி போய்விடுமே! இதற்காக ஒவ்வொரு செய்திக்கும் பிரவுசரிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அதையும் சேர்த்து அனுப்பவேண்டும். அதே எண் ஏற்கெனவே டேட்டாபேஸில் இருந்தால் சர்வர் மீண்டும் எழுதாமல் ஒப்புகையை மட்டும் கொடுக்கும்.

ஒப்புகை வராத செய்திகள் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கட்டும். வெறும் நினைவகத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் அணைந்ததும் போய்விடும்.

புயல் வைத்த பரீட்சை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களை விளக்கவேண்டியதில்லை.

திண்டிவனம் கடையில் முதலில் லைன் போனது, பிறகு கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கிய நேரத்திற்குள் கடை அண்ணன் நான்கு செய்திகள் தட்டியிருக்கிறார். ஒன்றுக்கும் டிக் விழவில்லை, நான்கும் சிவப்பு. உடனே போனை எடுத்து, சிக்னல் கிடைத்த ஒரு இடைவெளியில் விழுப்புரத்திற்குச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், அந்த நான்கு செய்திகளும் வரிசை மாறாமல், ஒன்றுகூட இரட்டிக்காமல் விழுப்புரம் வந்து சேர்ந்தன.

புரோகிராம் எழுதியவனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் ஒன்று, போனில் பேசி ஏற்கெனவே கொடுத்து முடித்த இன்சுலின் கேள்வி. விழுப்புரத்தில் இருந்த பையன் அது இப்போதைய தேவை என்று நினைத்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸ் பேக்கோடு கட்டத் தொடங்கிவிட்டான். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கவேண்டும். வெளியே எடுத்து வீணாக அலையவிடக்கூடாது. பெரியப்பா பார்த்து நிறுத்தினார். அதன்பிறகு ஒரு வசதி சேர்த்தேன். அரை மணி நேரத்திற்கு மேல் தேங்கிய செய்தி தானாகப் போகாது. ‘இது இன்னும் வேண்டுமா?’ என்று அனுப்பியவரையே கேட்கும். பாடப்புத்தகச் சாட்களில் இதை நான் பார்த்ததில்லை. ஊர்க்கதை பேசும் சாட்டுக்கு இது தேவையும் இல்லை.

தமிழில் தட்டுபவர்களுக்கு

எஸ்க்யூலைட்டில் தமிழ் பிரச்சினையில்லை. மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்கள் ‘யுடிஎஃப்8எம்பி4’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய ‘யுடிஎஃப்8’ தமிழை ஏற்கும், எமோஜி வந்தால் தடுமாறும். ஒரு தமிழ்க் குறியீடு யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடுதான். ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு 21 பைட் ஆகிறது. செய்தியின் நீளத்துக்கு வரம்பு வைக்கும்போது இதை மனதில் கொள்ளுங்கள். ஒலியியல் முறையில் தட்டும் சில கீபோர்டுகளில், சொல்லை முடிக்கத் தட்டும் எண்டரே செய்தியையும் அனுப்பிவிடும். ‘இன்னும் சொல் உருவாகிக்கொண்டிருக்கிறதா’ என்று பிரவுசரிடம் கேட்டுப் பார்க்க ‘ஈஸ்கம்போசிங்’ என்ற குறிப்பு இருக்கிறது.

செய்தியைத் திரையில் காட்டும்போது ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டாம், ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தட்டும் புரோகிராம் துணுக்கு அடுத்தவர் பிரவுசரில் ஓடிவிடும். செய்தி வந்ததும் மணி அடிக்கவேண்டும் என்றால், பக்கத்தில் ஒருமுறையாவது கிளிக் செய்த பிறகுதான் குரோம் ஒலிக்க அனுமதிக்கும். காலையில் கடை திறந்ததும் ‘தொடங்கு’ என்ற பட்டனை அழுத்தவைத்தால் தீர்ந்தது. விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்தது குரோம் 109. அதிலும் இந்தச் சாட் ஓடுகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி பெரியப்பாவை நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எத்தனை பேர் தாங்கும்?

வாட்ஸ்அப் 2012-இல் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. அது எர்லாங் மொழியில், அதற்கென்றே சீர்செய்த பெரிய சர்வரில் நடந்தது. நம் ஒரு ஜிபி சர்வருக்கு இரண்டு கடையின் பத்து கம்ப்யூட்டர்கள் ஒரு பாரமே இல்லை. ஆகவே முதல் நாளே ரெடிஸ், கிளஸ்டர் என்று இறங்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட புரோசஸ் ஓடவிட்டால், ஒரு புரோசஸில் இணைந்தவர் தட்டியது அடுத்த புரோசஸில் இருப்பவருக்குத் தானாகப் போகாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

கூட்டம் எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்பதும் உண்மைதான். சோஹோவின் ‘அரட்டை’ 2021-இல் வந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், மூன்றே நாட்களில் ஒரு நாளின் புதிய பதிவுகள் 3,000-லிருந்து 3,50,000 ஆகிவிட்டதாகவும், அவசரமாக சர்வர் வசதியைக் கூட்டிக்கொண்டிருப்பதாகவும் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். நம் மருந்துக்கடைக்கு அந்தக் கவலை இல்லை.

புரோகிராம் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஜூலிப், மேட்ரிக்ஸ் என்று தயாராகவே கிடைக்கின்றன. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஜூலிப் குறைந்தது 2 ஜிபி ராம் கேட்கும். அலுவலக உரையாடலுக்கு இவை நான் எழுதியதைவிட எவ்வளவோ மேல். சிவப்பு வரியும் அரை மணி நேரக் கேள்வியும் வேண்டியிருந்ததால்தான் நான் எழுதினேன். லினக்ஸ் சர்வர் என்றதும் தயங்கும் எங்கள் பகுதி மாணவர்கள், 2013 முதல் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தந்துவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவை அணுகலாம்.

கடைசியாக பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் ஃபைலை அப்படியே காப்பி செய்யாதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். எஸ்க்யூலைட்டிலேயே ‘.பேக்கப்’ என்ற கட்டளை இருக்கிறது. தினமும் இரவு 11 மணிக்கு, கடை அடைத்தபின், கிரான் மூலம் அதை ஓட்டி, வேறொரு இடத்திற்கு அனுப்பச் செய்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை என் லேப்டாப்பில் திறந்து, போன வாரத்துச் செய்தி ஒன்றைத் தேடிப் பார்ப்பேன்.